பழைய ஆலைகளுக்கு மறுவாழ்வு: நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூட்டிக் கிடக்கும் நூற்பாலை, பருத்தியிலிருந்து விதையைப் பிரிக்கும் ஜின்னிங் பாக்டரி, அரிசி ஆலை, கிடங்கு ஆகியவற்றை வைத்திருப்பவர்களும், அவற்றில் வேலை பார்த்து ஓய்ந்தவர்களும், கட்டடக்கலை படிக்கும் மாணவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். திருநெல்வேலி என்று நான் சொல்வது 1986-இல் தூத்துக்குடியும் 2019-இல் தென்காசியும் பிரிவதற்கு முன்பிருந்த பழைய சீமையை.

தொழில் மரபு என்றால் என்ன? கோயிலையும் கோட்டையையும் போல ஓர் ஆலையையும் மதிக்க வேண்டுமா?

மதிக்க வேண்டும், ஆனால் வேறு காரணத்துக்காக. கோயிலில் சிற்பத்தைப் பார்க்கிறோம். ஆலையில் பார்க்க வேண்டியது, அங்கே வேலை எப்படி நடந்தது என்பதை. ரஷ்யாவின் நிஸ்னி தாகில் நகரில் 2003-இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட தொழில் மரபுச் சாசனம் கட்டடத்தோடு நின்றுவிடவில்லை. இயந்திரம், பட்டறை, சுரங்கம், கிடங்கு, மின் உற்பத்தி நிலையம், ரயில் பாதை ஆகியவற்றையும், தொழிலாளர் குடியிருந்த வீடு, வழிபட்ட இடம், படித்த பள்ளி ஆகியவற்றையும் அது சேர்த்தே சொல்கிறது. அந்த வரையறையோடு பார்த்தால் ஆலையின் சங்கும், வாசலில் இருந்த டீக்கடையும், தொழிலாளருக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளும் கூட மரபில் அடங்கும்.

எங்கள் பக்கத்தில் அப்படி என்ன இருக்கிறது? பெரிய தொழில் நகரம் எதுவும் இல்லையே?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். பிரிட்டிஷ் வணிகர்களான ஹார்வி சகோதரர்கள் 1880-களில் பாபநாசம் மலையடிவாரத்தில், விக்கிரமசிங்கபுரத்தில் நூற்பாலையை நிறுவியதே தாமிரபரணி அங்கே உயரத்திலிருந்து விழுகிறது என்பதற்காகத்தான். ஆற்றுநீரின் விசையே நூல் நூற்கும் கதிர்களைச் சுழற்றியது. அதே வீழ்ச்சியைக் கொண்டு 1944-இல் பாபநாசம் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. தூத்துக்குடி கோரல் மில்லில் 1908 பிப்ரவரி 27 அன்று தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது, வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அதற்குத் துணை நின்றார்கள். அடுத்த மாதமே அவர்கள் கைதானதும் திருநெல்வேலி கொந்தளித்து எழுந்தது. கோவில்பட்டியைச் சுற்றிய கரிசலில் விளைந்த பருத்தி, திருநெல்வேலியின் பெயராலேயே அயல்நாட்டுச் சந்தைகளில் விலை பேசப்பட்டது. அந்தப் பருத்தியை அரைத்த ஜின்னிங் பாக்டரிகளும் பஞ்சை அழுத்திப் பொதியாக, அதாவது பேலாகக் கட்டிய பிரஸ்களும் அங்கே தெருத்தெருவாக இருந்தன. தாழையூத்தில் 1949 முதல் சிமெண்டு ஆலை. 1876-இல் மணியாச்சியிலிருந்து திருநெல்வேலிக்கு ரயில் வந்தது. 1904-இல் செங்கோட்டை மலைப்பாதை கொல்லத்தோடு இணைந்தது. 1923-இல் திருச்செந்தூர் பாதை திறக்கப்பட்டது.

இவை ஒருபுறமிருக்க, நான் அதிகம் கவலைப்படுவது சிறியவற்றைப் பற்றித்தான். ஆற்றுப் பாசனம் உள்ள ஊர்களில் எல்லாம் புகைபோக்கியோடு நின்ற அரிசி ஆலைகளை யாரும் மரபுக் கட்டடம் என்று கணக்கெடுக்கவில்லை. அவைதான் வேகமாக மறைகின்றன.

மறுபயன்பாடு என்பதும் பாதுகாப்பு என்பதும் ஒன்றா?

இல்லை. பாதுகாப்பில் கட்டடம் இருந்தபடியே நிற்க வேண்டும் என்பது நோக்கம். மறுபயன்பாட்டில் கட்டடம் வேறொரு வேலைக்கு வருகிறது; அதற்காகச் சில மாற்றங்களை ஏற்றுக்கொள்கிறோம். எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று முன்கூட்டியே பிரித்துக்கொள்வதுதான் இந்தத் துறையின் முழு உழைப்பும். புதிதாகச் சேர்ப்பது, பின்னால் வருபவர்கள் வேண்டாமென்றால் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதும், பழையது எது புதியது எது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதும் பொதுவாக எல்லோரும் ஏற்கும் இரண்டு நெறிகள்.

இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஆலையை என்ன செய்வது?

ஓடவிடுவதுதான். ஒரு கட்டடத்துக்கு மிகச் சிறந்த பயன் அது எதற்காகக் கட்டப்பட்டதோ அந்தப் பயன். ஓடும் ஆலையில் செய்யத்தக்கது ஆவணப்படுத்துவதும், பழைய பகுதியை இடித்து விரிவாக்குவதற்குப் பதிலாகப் பக்கத்தில் விரிவாக்குமாறு கேட்டுக்கொள்வதும் மட்டுமே.

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால் செலவு குறையாதா?

சில நேரம் குறையும். மரச்சட்டம் கரையானால் போய், சுவர் பிளந்து, அஸ்திவாரம் இறங்கிய கட்டடத்தை உணர்ச்சிக்காகக் காப்பாற்றச் சொல்லமாட்டேன். ஆனால் பெரும்பாலான ஆலைகள் அந்த நிலையில் இல்லை. இடைத்தூண் குறைவான அகன்ற கூடம், பதினைந்து இருபது அடி உயரம், தடித்த சுவர் ஆகியவற்றை இன்றைய விலையில் யாரும் கட்டித் தரமாட்டார்கள். இதோடு, சுட்ட செங்கல்லிலும் உருக்கிய இரும்பிலும் எரிபொருள் ஏற்கெனவே செலவாகிவிட்டது. இடித்தால் அந்தச் செலவும் வீண். புதுச் சிமெண்டுக்கும் கம்பிக்கும் மறுபடி எரிக்க வேண்டும். இடித்த கட்டுமானக் கழிவு எங்கள் ஊர்களில் எங்கே போய்ச் சேர்கிறது என்பதைக் குளத்துக் கரைகளில் நடந்தால் பார்க்கலாம்.

வெளிநாடுகளில் செய்ததில் நமக்குப் பொருந்துவது எது?

லண்டனில் 1981-இல் மூடிய மின் நிலையம் 2000-இல் டேட் மாடர்ன் கலைக்கூடமானதைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். அது அரசுப் பணமும் லாட்டரிப் பணமும் கொட்டிய தலைநகரக் கதை. நமக்கு அதில் எடுத்துக்கொள்ளக் குறைவு.

ஸ்காட்லாந்தின் நியூ லானார்க் நமக்கு நெருக்கமானது. பாபநாசத்தைப் போலவே ஆற்றின் வீழ்ச்சியை நம்பி, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த பருத்தி ஆலை ஊர் அது. 1968-இல் ஆலை நின்றது. ஊர் பாழாகாமல் ஓர் அறக்கட்டளை பொறுப்பெடுத்தது. ஓர் ஆலைக்கட்டடம் விடுதியாயிற்று. தொழிலாளர் வீடுகளில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. பழைய நீர்விசையில் இப்போதும் மின்சாரம் எடுக்கிறார்கள். 2001-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஆலையையும் வீட்டையும் ஆற்றையும் பிரிக்காமல் ஒரே பொருளாகக் கையாண்டதுதான் அங்கே கற்க வேண்டியது.

பிரேசிலின் சாவோ பாவுலோவில் பீப்பாய் ஆலை ஒன்றை இடித்துப் பொழுதுபோக்கு மையம் கட்டும் பொறுப்பு 1970-களில் லீனா போ பார்டி என்ற கட்டடக்கலைஞரிடம் வந்தது. அவர் விடுமுறை நாளில் அங்கே போனபோது, பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டும், குடும்பங்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டும் இருந்தனவாம். இங்கே நடந்துகொண்டிருப்பது நிலைக்கட்டும் என்று முடிவுசெய்து ஆலையை இடிக்காமல் விட்டார். 1982-இல் திறந்த அந்த மையத்தில் நூலகம், பட்டறைகள், உணவுக்கூடம், நாடக அரங்கு எல்லாம் பழைய கூடங்களுக்குள்ளேயே இருக்கின்றன. ஓர் இடத்தை மக்கள் ஏற்கெனவே எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று முதலில் பார்ப்பது பணம் கேட்காத ஆய்வு. அதை நாளைக்கே எந்த ஊரிலும் செய்யலாம்.

ஜெர்மனியின் டூயிஸ்பர்கில் 1985-இல் நின்ற இரும்பாலையைப் பீட்டர் லாட்ஸ் பூங்காவாக்கினார். ஊதுலை மீது ஏறிப் பார்க்கலாம், எரிவாயுக் கலத்தை நீரால் நிரப்பி முக்குளிக்கப் பழக்குகிறார்கள். அவ்வளவு பெரிய அளவு நமக்கு வாய்க்காது.

இந்தியாவில் நடந்தது நல்லபடியா?

கலந்துதான். மும்பையில் 1982 வேலைநிறுத்தத்துக்குப் பின் நூற்பாலைகள் ஒவ்வொன்றாக நின்றன. ஆலை நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு நகரத்தின் திறந்தவெளிக்கு, ஒரு பங்கு பொதுவீட்டு வசதிக்கு, ஒரு பங்கு உரிமையாளருக்கு என்று 1991-இல் விதி செய்தார்கள். 2001-இல் அந்தப் பங்கீடு கட்டடம் இல்லாத வெற்று நிலத்துக்கு மட்டும்தான் என்று திருத்தியதும், பொதுமக்களுக்குக் கிடைக்க இருந்த நிலம் சுருங்கிப்போயிற்று. 2006-இல் உச்ச நீதிமன்றமும் அந்தத் திருத்தத்தை ஏற்றது. புகைபோக்கியை மட்டும் விட்டுவிட்டு அங்காடி கட்டிய இடங்களை அங்கே பார்க்கலாம். சென்னையில் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை, 1918-இல் இந்தியாவின் முதல் ஒழுங்கமைந்த தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாகக் காரணமான ஆலை. அது மூடிய பின் கிடங்காகவும் படப்பிடிப்புத் தளமாகவும் கிடந்து, கடைசியில் அடுக்குமாடிகளுக்கு இடம் விட்டது.

நாம் போய்ப் பார்க்க வேண்டியது செங்கோட்டைக்கு அப்பால் இருக்கிறது. கொச்சியில் பழைய வணிக நிறுவனத்தின் கிடங்குகளான ஆஸ்பின்வால் இல்லத்தில் 2012 முதல் பலமுறை கலைவிழா நடந்திருக்கிறது. ஆலப்புழையில் கயிறு நிறுவனங்களின் கூடங்களில் 2021-இல் பெரிய ஓவியக் கண்காட்சி நடத்தினார்கள். சுவரைத் துடைத்து, கூரையை ஒழுகாமல் செய்து, மின்கம்பி இழுத்தாலே பழைய கூடம் பயனுக்கு வந்துவிடலாம் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

ஒரு பழைய ஆலையை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

தரையிலிருந்து. சில ஆண்டுகளுக்கு முன் ஆற்றங்கரை ஊர் ஒன்றில், ஓட்டம் நின்று நாளான அரிசி ஆலைக்குள் போயிருந்தேன். சுவரின் விரிசலையும் ஓட்டின் ஓட்டையையும் நான் குறித்துக்கொண்டிருந்தபோது, முன்பு பாய்லர் பார்த்த பெரியவர் கூடவே நடந்து வந்தார். "மேல பாக்காதீங்க தம்பி, கீழ பாருங்க" என்று செருப்பைக் கழற்றிவிட்டுக் களத்தின் நடுவில் நின்றார். "அண்ணாச்சி, சமமாத்தானே இருக்கு" என்றேன். ஒரு குடம் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி ஊற்றினார். நீர் ஒரு கணம் நின்று, மூன்று திசைக்குப் பிரிந்து, ஓரத்து வாய்க்காலுக்கு ஓடியது. நெல் காயும்போது சட்டென மழை வந்தால், குவித்து மூடிய அம்பாரத்தின் அடியில் ஈரம் ஏறாமல் இருக்க அப்படி வாட்டம் வைத்திருந்தார்கள். அவித்த நெல்லின் சூட்டில் பழகிய அந்தத் தரையில் ஒரு வெடிப்பும் இல்லை. அதன் மேல் டைல்ஸ் ஒட்டுவதென்று அந்த வாரம்தான் பேசி முடித்திருந்தார்கள்.

அதனால் முதலில் வரைபடம் எடுக்க வேண்டும்: வாட்டம், வடிகால், இயந்திரம் நின்ற மேடை, பெல்ட் போன துளை, ஊறல் தொட்டி, உமி போன வழி. பிறகு சுவர். பழைய சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. அது ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, உப்புப் பூத்து, செங்கல் பொடியும். பழுதுபார்ப்பும் சுண்ணாம்பிலேயே இருக்க வேண்டும். அந்தக் கைவேலை தெரிந்த கொத்தனார்கள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். வார்ப்பிரும்புத் தூண் பாரத்தை நன்றாகத் தாங்கும், ஆனால் அடித்தால் விரியும். அதில் வெல்டிங் வைக்கச் சொல்பவரை விலக்கிவிடுங்கள். புகைபோக்கியில் அரசங்கன்று முளைத்திருந்தால் மேலே வெட்டுவதால் பயனில்லை, வேர் சாக வேண்டும்.

கூரை தனியாகச் சொல்லத்தக்கது. ரம்பப் பல் போல வரிசையாகச் சாய்ந்து, வடக்கு முகத்தில் கண்ணாடி வைத்த கூரை நூற்பாலைகளின் அடையாளம். நூலைப் பார்க்க நேர்வெயில் இல்லாத, நிழல் விழாத வெளிச்சம் வேண்டும் என்பதற்காக இங்கிலாந்தில் உருவான முறை அது. ஆனால் திருநெல்வேலி ஏறக்குறைய 8.7 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் இறுதி வரை உச்சிப்பொழுதில் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் வடக்குக் கண்ணாடி வழியாகவும் வெயில் இறங்கும். கூடத்தை நூலகமாகவோ படிப்பகமாகவோ மாற்றும்போது இதைக் கணக்கில் எடுக்காவிட்டால், பிறகு கண்ணாடியில் பெயிண்ட் அடித்து இருட்டாக்கி, பகலிலும் விளக்குப் போட வேண்டிவரும். வெளிப்புறம் ஓர் அடி நீட்டிய சிறு தடுப்பு இருந்தால் உச்சிவெயிலைத் தடுத்துவிடும். காலை மாலைச் சாய்வெயிலுக்கு ஓலைத் தட்டியோ துணித்திரையோ போதும். இன்னொன்று, பஞ்சு உலர்ந்தால் இழை அறும் என்பதால் ஆலைக்குள் ஈரப்பதம் ஏற்றி, சன்னலை அடைத்தே வைத்திருப்பார்கள். மனிதர் உட்காரும் இடமாக்கும்போது அந்தச் சன்னல்களைத் திறப்பதுதான் முதல் வேலை.

எந்தப் பயனுக்குக் கொண்டுவரலாம்? எல்லோரும் அருங்காட்சியகம் என்கிறார்களே?

எல்லா ஆலையும் அருங்காட்சியகம் ஆனால் பார்க்க ஆள் போதாது. நம் ஊரில் மூடிய ஆலை இயல்பாகவே கிடங்காகிறது, கல்யாண மண்டபமாகிறது, டியூஷன் சென்டராகிறது. இதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஊரே கூடும் மண்டபம் ஒரு பொதுப் பயன்தான். களம் பந்திக்கும் பந்தலுக்கும் அருமையாகப் பொருந்துகிறது. தவறு நடப்பது பொய்க்கூரை அடித்து உத்தரத்தை மறைக்கும்போதும், ஏசிக்காகக் காற்றுவழியை அடைக்கும்போதும்தான். அவற்றைத் தவிர்த்தால் மண்டபமும் நல்ல மறுபயன்பாடே.

என் எண்ணம் இது: ஒரே பயனை நம்பாதீர்கள். காலையில் களத்தில் உழவர் சந்தை, பகலில் ஒரு கூடத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு இடம், வார இறுதியில் இன்னொரு கூடம் விழாவுக்கு என்று பிரித்துக்கொண்டால் வாடகையும் வரும், ஊரும் வரும். பத்தமடைப் பாய், பனையோலைப் பொருள் போன்ற கைத்தொழிலுக்கு ஒரு பட்டறை ஒதுக்கினால் அங்கே மறுபடியும் வேலை நடக்கும். வேலை நடப்பதற்காகக் கட்டிய இடத்தில் வேலை நடப்பதைக் காணும்போது எனக்கு மனம் நிறைகிறது.

மண்ணிலும் கூரையிலும் ஆபத்து உண்டா?

உண்டு. பலர் இதைக் கடைசியில் யோசிக்கிறார்கள். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தகட்டுக் கூரையைச் சுத்தியலால் உடைக்கவே கூடாது. உடைந்த தூள் நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்து உயிருக்கு உலைவைக்கும். தகட்டை நனைத்து, முகக்கவசத்தோடு, முழுதாக இறக்கி, அனுமதி பெற்ற இடத்தில் சேர்க்க வேண்டும். டிரான்ஸ்பார்மர், எண்ணெய்த் தொட்டி, சாயப்பட்டறை இருந்த இடத்து மண்ணையும் கிணற்று நீரையும் சோதிக்காமல் அங்கே பிள்ளைகள் விளையாடும் இடம் அமைக்கக் கூடாது.

ஆற்றோரத்து ஆலைக்கு வெள்ளம் வேறு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், தாமிரபரணி திருநெல்வேலி நகருக்குள் புகுந்ததையும் மறக்க முடியாது. மின்பலகையும் ஆவணமும் புத்தகமும் தரைத்தளத்தில் இருக்கக் கூடாது. நனைந்தாலும் கழுவிவிடக்கூடிய பயனே கீழே.

சட்டப் பாதுகாப்பு கிடைக்குமா?

ஓரளவு. 1958-இன் மத்தியச் சட்டமும் 1966-இன் தமிழ்நாட்டுச் சட்டமும் முக்கியமாகப் பழம்பெரும் நினைவுச் சின்னங்களை மனத்தில் வைத்தவை. 1940-களின் அரிசி ஆலை அவற்றுக்குள் வராது. தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் 2012-இல் இயற்றப்பட்டு, 2024-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆணையத்தின் பட்டியலில் தொழிற்கட்டடங்களும் இடம்பெற வேண்டும் என்று உள்ளூரிலிருந்து கேட்க வேண்டும். பயன் மாற்றத்துக்கு உள்ளாட்சி, நகர ஊரமைப்பு, தீயணைப்புத் துறை அனுமதிகள் எப்படியும் தேவை. கூட்டம் கூடும் இடமானால் வெளியேறும் வழிகளைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள்.

முன்பு வேலை பார்த்தவர்களுக்கு இதில் என்ன?

முதலில் அவர்களுக்குச் சேர வேண்டிய பாக்கி. சம்பளமும் பணிக்கொடையும் தீராத ஆலையில் ஓவியக் கண்காட்சி வைப்பதை நான் ஒப்பமாட்டேன். அடுத்தது லைன் வீடுகள்: ஆலை அழகாகும்போது நிலமதிப்பு ஏறும், அதில் முதலில் வெளியேற்றப்படுபவர்கள் அங்கே தலைமுறையாக இருப்பவர்களாகத்தான் இருப்பார்கள். குடியிருப்பு உரிமையை எழுத்தில் உறுதிசெய்த பிறகே ஆலையில் கை வைக்க வேண்டும். பிறகு வழிகாட்டியாக, காவலராக, இயந்திரம் பராமரிப்பவராக அவர்களையே அமர்த்தலாம்.

இயந்திரத்தை எல்லாம் காயலான் கடைக்குப் போட்டுவிட்டார்கள். இனி என்ன மிச்சம்?

இன்னும் மிச்சம் இருக்கிறது. மேடையில் போல்ட் நின்ற குழி, தூணில் பெல்ட் உரசிய தடம், பெயர்ப்பலகை, ஷிப்டு நேரம் எழுதிய சுவர் எல்லாம் பேசும். அவற்றின்மேல் வெள்ளையடிக்காதீர்கள். ஒரு கதிரோ ஒரு பல்சக்கரமோ கிடைத்தால், அது எந்த இடத்திலிருந்து கழற்றப்பட்டதோ அங்கேயே வையுங்கள்.

நான் ஆலை உரிமையாளரும் இல்லை, அதிகாரியும் இல்லை. என்னால் என்ன செய்ய முடியும்?

உங்கள் தெருவில் மில்லில் வேலை பார்த்த ஒருவர் இருப்பார். அவரிடம் போய் உட்காருங்கள். காலைச் சங்கு எத்தனை மணிக்கு ஊதியது, எந்த வாசல் வழியாகப் போனார்கள், பஞ்சைப் பிரித்துச் சுத்தம்செய்யும் புளோ ரூமில் யார் நின்றார்கள், பஞ்சுத்தூசிக்கு என்ன செய்தார்கள், தீபாவளி போனசுக்கு என்ன போராட்டம் நடந்தது என்று கேளுங்கள். செல்போனில் பதிவுசெய்து, தேதியையும் ஊரையும் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அவர் அனுமதித்தால் அடையாள அட்டையையும் சம்பளச் சீட்டையும் படமெடுங்கள். ஒரு பிரதியை அவர் பிள்ளைகளிடமும், இன்னொன்றை ஊர் நூலகத்திலும் கொடுங்கள். ஆலைக்கு வெளியே நின்று புகைபோக்கியையும் வாசலையும் நான்கு பக்கத்திலிருந்தும் படமெடுங்கள். இடிக்கும் இயந்திரம் வந்த பிறகு உள்ளே விடமாட்டார்கள்.